ரீப்பரோடு வரும் ப்ளகின்கள்: 60 டாலருக்கு எவ்வளவு வேலை நடக்கிறது

வீட்டில் ஸ்டுடியோ போட நினைக்கிற பிள்ளைகள் என்னிடம் வந்தால் முதலில் கேட்பது, “எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம் அண்ணா?” உடனே அடுத்தது, “அதோட எத்தனை ப்ளகின் வரும்?” ப்ளகின் என்றால் சத்தத்தைத் திருத்தவோ உண்டாக்கவோ அந்த சாஃப்ட்வேருக்குள் மாட்டும் சிறு கருவி. முதல் கேள்விக்குப் பல வருடமாக ரீப்பர் என்ற ரெக்கார்டிங் சாஃப்ட்வேரைத்தான் சொல்லி வருகிறேன். இரண்டாவதற்கு எண்ணிக்கையில் பதில் சொல்வதில்லை. நூறு வருகிறது, இருநூறு வருகிறது என்று விளம்பரத்தில் போட்டால் அதில் எதுவும் விளங்காது. ஒரு பாட்டைப் பதிவு செய்து, மிக்ஸ் செய்து, ஆளிடம் கொடுக்கும்வரை வெளியில் எதையும் வாங்காமல் எதுவரை போக முடிகிறது, எந்த இடத்தில் மாட்டிக்கொள்கிறோம் என்று பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்து எழுதியதுதான் இது.

கும்பகோணத்துப் பக்கம் சின்ன ரெக்கார்டிங் ரூம் வைத்திருக்கிறேன். நாதஸ்வரம், தவில், பக்திப் பாட்டு, யூடியூப்காரர்களுக்குக் குரல் பதிவு, பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு ஒரு வரவேற்புப் பாட்டு, இப்படித்தான் வேலை வரும். சினிமாக்காரர்களுக்குத் தேவைப்படும் பட்டியல் வேறாக இருக்கலாம். நான் சொல்வது எங்களைப் போன்ற சிறிய இடங்களுக்கு.

முதலில் விலை. ரீப்பரை காக்கோஸ் என்ற கம்பெனி செய்கிறது. கம்ப்யூட்டரில் பாட்டுக் கேட்க உதவிய வின்ஆம்ப் நினைவிருக்கிறதா? அதை எழுதிய ஜஸ்டின் ஃப்ராங்கல்தான் இதற்கும் மூலகர்த்தா. 2006-இல் முதல் பதிப்பு வந்தது. தனிநபர் உபயோகத்துக்கும், தொழிலில் வருட வரவு 20,000 டாலரைத் தாண்டாதவர்களுக்கும் லைசென்ஸ் 60 டாலர். அதற்கு மேல் சம்பாதிப்பவர்களுக்கு 225 டாலர். இரண்டிலும் கிடைக்கும் மென்பொருள் ஒன்றேதான். குறைந்த விலைக்காரருக்கு ஈக்யூவில் (கீழ், மேல் ஒலிகளைக் கூட்டிக் குறைப்பது) பாதி, கம்ப்ரஸரில் (ஓங்கும் சத்தத்தை அமுக்குவது) பாதி என்று வெட்டிக் கொடுப்பதில்லை. பல கம்பெனிகள் மூன்று படி வைத்து, நமக்குத் தேவையான ஒரே ஒரு ப்ளகினை மேல்படியில் தூக்கி வைத்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். 60 நாள் எந்தத் தடையும் இல்லாமல் முழுதாக வைத்துப் பார்க்கலாம். விண்டோஸ் இன்ஸ்டாலர் 20 எம்பிக்கும் கீழே. செல்போன் டேட்டாவில் இறக்கி, டீ ஆறுவதற்குள் வேலையை ஆரம்பித்துவிடலாம்.

திறந்தவுடன் கண்ணுக்கு அழகாக ஒன்றும் இருக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். பழைய அமெரிக்க கம்ப்ரஸரின் படம், பித்தளைத் திருகு, ஊசி ஆடும் மீட்டர் எதுவும் கிடையாது. சாம்பல் நிறப் பெட்டிக்குள் நாலு ஸ்லைடரும் எண்களும்தான். புதுப் பையன்கள் பாதிப் பேர் இங்கேயே முகம் சுளிப்பார்கள். எனக்கு இது பிடித்திருக்கிறது. படம் இல்லாததால் காதை நம்பித்தான் ஆக வேண்டும். 3 டெசிபல் குறைத்தால் 3 என்றே எழுதிக் காட்டும்.

ரியாஈக்யூவில் ஆரம்பிக்கிறேன். நான்கு பேண்டோடு, அதாவது ஒலியின் நான்கு பகுதிகளைத் தனித்தனியே திருத்தும்படி, திறக்கும், தேவைக்கு எத்தனை வேண்டுமானாலும் கூட்டிக்கொள்ளலாம். ஹைபாஸ் (கீழ் ஒலியை வெட்டுவது), லோபாஸ் (மேல் ஒலியை வெட்டுவது), ஷெல்ஃப், நாட்ச் என்ற மற்ற வடிவங்கள், எல்லாம் உண்டு. ஹைபாஸ் செங்குத்தாக வெட்டாது, மெதுவான சரிவு. இன்னும் கூராக வேண்டுமென்றால் அதே இடத்தில் இரண்டு, மூன்று ஹைபாஸை அடுக்க வேண்டும். 44.1 கிலோஹெர்ட்ஸ் ப்ராஜெக்டில் 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே ஏற்றினால் வளைவு நெருக்கிக்கொண்டு போகும், கொஞ்சம் காது கூசும். பாடகியின் குரலுக்கு மேலே ‘காற்று’ சேர்க்க நினைப்பவர்களுக்கு இது ஒரு குறைதான். மற்றபடி வெட்டும் வேலைக்கு, அதாவது கூடுதலாக இருப்பதை எடுத்துவிடும் வேலைக்கு, இதைவிட வேறொன்று எனக்குத் தேவைப்பட்டதில்லை. மடிக்கணினிக்கும் பாரமே தெரியாது. நாற்பது ட்ராக்கிலும் ஒவ்வொன்று போட்டாலும் என் 8 ஜிபி ராம் லேப்டாப் மூச்சு வாங்குவதில்லை.

ரியாகாம்ப்தான் இந்தக் கூட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது. ஏன் என்று தவிலை வைத்துச் சொல்கிறேன்.

தவிலில் தொப்பிப் பக்கம் குச்சி விழும், வலந்தலைப் பக்கம் கூடு போட்ட விரல்கள் ஓடும். இரண்டையும் சேர்த்து ஒரே மைக்கில் எடுத்து, சாதாரணமாக ஒரு கம்ப்ரஸர் போட்டால் என்ன ஆகும்? தொப்பியின் அடி ஒவ்வொன்றும் கம்ப்ரஸரை இழுத்துவிடும். அது அமுக்குகிற நேரத்தில் வலந்தலையில் ஓடும் சொற்கட்டும் சேர்ந்து அமுங்கிப் போகும். கேட்பவருக்குத் தவில் மூச்சுத் திணறுவது போலிருக்கும். ரியாகாம்பில் டிடெக்டருக்கென்று தனியாக ஒரு ஹைபாஸும் லோபாஸும் இருக்கின்றன. வெளியே போகும் சத்தத்தை அது தொடுவதில்லை. எதைக் கேட்டு அமுக்கலாம் என்று கம்ப்ரஸர் முடிவு செய்கிறதோ, அந்தக் காதுக்கு மட்டும் வடிகட்டி. ஹைபாஸை 200 ஹெர்ட்ஸ் பக்கம் ஏற்றினால் தொப்பியின் அடித்தொனி கம்ப்ரஸரின் காதுக்கே எட்டாது. வலந்தலையைக் கேட்டு மட்டும் வேலை செய்யும். பக்கத்திலேயே ‘ப்ரிவ்யூ ஃபில்ட்டர்’ என்று ஒரு டிக் பெட்டி. அதைப் போட்டால் கம்ப்ரஸர் கேட்பதை நாமும் கேட்கலாம். தொப்பி எந்த இடத்தில் மறைகிறது என்று காதாலேயே பார்த்து நிறுத்திவிட்டு, டிக்கை எடுத்துவிட வேண்டும். அப்புறம் அட்டாக்கை (அமுக்கத் தொடங்க எடுக்கும் நேரம்) 15 மில்லிசெகண்ட் அளவில் வைத்தால் விரல் விழும் அந்த முதல் தெறிப்பு தப்பித்து வெளியே வந்துவிடும், அதன் பின்னால் வருவது மட்டும் கட்டுக்குள் நிற்கும். ரிலீஸை (அமுக்கியதை விட எடுக்கும் நேரம்) நடைக்குத் தகுந்தபடி வைக்க வேண்டும். விளம்ப காலத்தில் சரியாக இருந்தது துரித காலத்தில் குழப்பும்.

இந்த டிடெக்டர் வடிகட்டி, சைட்செயின் (வேறு ட்ராக்கைக் கேட்டு அமுக்குவது), ப்ரீகாம்ப் (சத்தம் வருமுன்பே கவனித்து அமுக்குவது), ஆர்எம்எஸ் அளவு (சராசரிச் சத்தத்தைக் கணக்கிடும் நேரம்) எல்லாம் வேறு சில கம்பெனிகளிடம் தனிக் காசுக்கு விற்கும் கம்ப்ரஸரில்கூட ஒன்றாக இருக்காது. இங்கே சாம்பல் பெட்டிக்குள் சும்மா கிடக்கிறது.

அடுத்து ரியாஃபிர். பெயர் புரியாவிட்டாலும் பரவாயில்லை, வேலை புரிந்தால் போதும். இதன் ‘சப்ட்ராக்ட்’ முறை பின்னணி இரைச்சலை எடுக்கும். குரல் பதிவு வாட்ஸ்அப்பில் வீட்டிலிருந்து அனுப்புபவர்கள் நிறைய. சித்திரை, வைகாசி வெயிலில் ஃபேனை நிறுத்திவிட்டுப் பேசுங்கள் என்று யாரிடமும் சொல்ல மனம் வராது. அந்த ஃபேன் இரைச்சல் மட்டும் கேட்கும் ஒன்றிரண்டு விநாடியை லூப்பில் போட்டு, ‘தானாக இரைச்சலைப் பழகு’ என்ற பொருளில் இருக்கும் டிக்கைப் போட வேண்டும். சிவப்புக் கோடு ஒன்று உருவாகும். உடனே டிக்கை எடுத்துவிட வேண்டும், இது முக்கியம். எடுக்காமல் குரலை ஓட்டினால் குரலையும் இரைச்சல் என்றே பழகி, அதையும் கழிக்க ஆரம்பித்துவிடும்.

கழித்தது அதிகமானால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல் ஆகிவிடும். இங்கேதான் ரீப்பரின் இன்னொரு வசதி கைகொடுக்கிறது. எந்த ப்ளகினைப் போட்டாலும் அதன் ஜன்னல் மேல் ஓரத்தில் வெட்/ட்ரை குமிழ் ஒன்றை, அதாவது திருத்திய ஒலியையும் அசல் ஒலியையும் கலக்கும் குமிழை, ரீப்பரே வைத்துவிடும். அதை 60, 70 சதவீதத்துக்கு இறக்கினால் இரைச்சல் கொஞ்சம் மிஞ்சும், குரல் குரலாக இருக்கும். கூடவே ‘டெல்டா சோலோ’ உண்டு. அதைப் போட்டால் ப்ளகின் எதை மாற்றியதோ அது மட்டும் கேட்கும். ஃபேன் இரைச்சல் மட்டும் கேட்டால் சரி. அதற்குள் ‘ஸ’, ‘ஷ’, ‘ச’ எல்லாம் கிசுகிசுவென்று கேட்டால் பேசியவரின் எழுத்தையும் சேர்த்துத் தின்றுகொண்டிருக்கிறோம் என்று அர்த்தம், குறைக்க வேண்டும். இந்த இரண்டும் ப்ளகின் அல்ல, ரீப்பரின் உடம்பில் இருப்பவை. காசு கொடுத்து வாங்கும் வெளி ப்ளகினுக்கும் இவை பொருந்தும்.

இதே மாதிரி உடம்பில் இருக்கும் இன்னொன்று பாராமீட்டர் மாடுலேஷன். இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் டைனமிக் ஈக்யூ (சத்தத்துக்கு ஏற்பத் தானாக ஏறி இறங்கும் ஈக்யூ) ஒன்று வாங்கும் யோசனையை விட்டேன். நாதஸ்வரம் தார ஸ்தாயிக்குப் போய் நிற்கும்போது 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் காதைக் குத்தும். அதே இடம் கீழே மந்தரத்தில் வாசிக்கும்போது தெளிவுக்குத் தேவை. நிரந்தரமாக வெட்டினால் கீழ் ஸ்தாயி மங்கிப் போகும். ரியாஈக்யூவில் 3 கிலோஹெர்ட்ஸில் ஒரு பேண்ட் போட்டு, அதன் கெயின் ஸ்லைடரை ஒருமுறை தொட்டு, மேலே ‘பாராம்’ பட்டனில் மாடுலேஷன் ஜன்னலைத் திறந்தால் ‘ஆடியோ கன்ட்ரோல் சிக்னல்’ என்று இருக்கும். திசையை நெகட்டிவ் என்று வைத்து, எந்த அளவு சத்தத்திலிருந்து எந்த அளவு சத்தம்வரை வேலை செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டால், வாசிப்பு ஓங்கும்போது மட்டும் அந்த பேண்ட் தானாக இறங்கும், அடங்கினால் பழைய இடத்துக்கு ஏறிவிடும். பக்கத்து ஊர் வித்வான் ஒருவர் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, “இப்பத்தான் தம்பி என் வாத்தியம் மாதிரி இருக்கு” என்றார். மாட்டுவதற்கு நேரம் பிடிக்கும்தான். அவசரக்காரர்கள் டோக்கியோ டான் கம்பெனியின் நோவா என்ற டைனமிக் ஈக்யூவை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், வேலை சுலபமாக முடியும்.

இனி, எங்கே நின்றுவிடுகிறது என்று பார்ப்போம்.

ரியாட்யூன். சுருதி திருத்த வரும் ப்ளகின். மெல்லிசை மாதிரியான பக்திப் பாட்டுக்கு, ஸ்வரம் தட்டையாக நிற்கும் இடங்களில், ஓரளவு உதவும். தானாகத் திருத்தும் முறையை நம் சங்கீதத்தில் போட்டால் பாழ். தோடி காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதே இல்லை, அசைவுதான் அதன் உயிர். அதைக் கொண்டுபோய் பக்கத்து ஸ்வரத்தில் ஆணியடித்தால் ராகமே போய்விடும். கையால் கோடு போட்டுத் திருத்தும் முறை ஒன்று அதிலேயே உண்டு, ஒரு வரியில் ஒரே ஒரு ‘ப’ மட்டும் இறங்கியிருந்தால் அதை மட்டும் தூக்கிவிடலாம். ஆனால் கை வலிக்கும் வேலை, கேட்கும் தரமும் சுமார்தான். குரல் வேலை நிறைய வருபவர்கள் மெலோடைன் என்ற சுருதி திருத்தும் மென்பொருளை வாங்கித்தான் ஆக வேண்டும். ரீப்பரில் அது ஏஆர்ஏ என்ற இணைப்பு முறை வழியாக நன்றாக உட்கார்ந்துகொள்கிறது. ஆப்பிள்காரர்கள் லாஜிக் என்ற தங்கள் ரெக்கார்டிங் மென்பொருளில் 2013-லேயே சுருதி திருத்தும் ஃப்ளெக்ஸ் பிட்ச்சைக் கூடவே கொடுத்துவிட்டார்கள். இந்த ஒரு விஷயத்தில் ரீப்பர் பின்தங்கித்தான் இருக்கிறது.

அடுத்து ரிவெர்ப், அதாவது இடத்தின் எதிரொலியைச் சேர்ப்பது. ரியாவெர்பேட் என்ற ரிவெர்ப் தகரச் சத்தம். நான் தொடுவதில்லை. ரியாவெர்ப் என்ற இன்னொன்று வேறு ரகம், கன்வல்யூஷன் முறையில் வேலை செய்வது. ஒரு நிஜ இடத்தின் எதிரொலியைப் பதிந்து கொடுத்தால் நம் ட்ராக்கை அந்த இடத்தில் வாசித்தது போல் ஆக்கும். சிக்கல் என்னவென்றால் பாத்திரத்தைக் கொடுத்துவிட்டு மளிகையைக் கொடுக்கவில்லை. எதிரொலிக் கோப்புகளை நாமே தேட வேண்டும். லாஜிக்கின் ஸ்பேஸ் டிசைனரில் இந்தக் கோப்புகள் குவியலாக வரும்.

ஆனால் இந்தக் குறையால் எனக்கு நல்லதே நடந்தது. ஆடி மாதம் கல்யாண மண்டபங்கள் சும்மாதான் கிடக்கும். தெரிந்தவரின் மண்டபத்தில் மேடைக்குக் கீழே பெரிய பலூனை ஊதி வெடித்து, நடு மண்டபத்தில் இரண்டு மைக் வைத்துப் பதிந்தேன். பலூன் வெடிப்பதற்கு முன்னால் இருக்கும் மௌனத்தைச் சுத்தமாக வெட்டிவிட்டு, வால் முழுதும் தேய்ந்து அடங்கும்வரை விட்டு, அந்த வேவ் கோப்பை ரியாவெர்பில் ஏற்றினேன். பஞ்சும் நுரையும் ஒட்டிய சின்ன அறைக்குள் எடுத்த நாதஸ்வரம் எப்போதும் சளி பிடித்த மாதிரி இருக்கும், அந்த வாத்தியம் மண்டபத்துக்கும் வீதிக்கும் பிறந்தது. இந்தக் கோப்பைத் தனி ட்ராக்கில் வைத்து, நாதஸ்வரத்தை அங்கே கொஞ்சமாக அனுப்பி, 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் மாப்பிள்ளை அழைப்பே கண் முன்னால் வரும். எந்தக் கம்பெனியின் விலை உயர்ந்த ரிவெர்பிலும் டெல்டா மாவட்டத்துக் கல்யாண மண்டபம் இல்லை.

வாத்தியங்களுக்கு வந்தால் கை விரிப்புதான். ரியாசிந்த் என்று ஒன்று இருக்கிறது, சுருதி சரிபார்க்க ‘ஊ’ என்று ஒலிக்க உதவும். பியானோ இல்லை, வயலின் கூட்டம் இல்லை, நிஜமாகப் பதிந்த ட்ரம்ஸ் இல்லை. லாஜிக்கில் 2015 முதல் ஆல்கெமி என்ற பிரமாதமான சிந்தசைஸரும், பல ஜிபிக்கு வாத்திய ஒலிகளும் கூடவே வருகின்றன. கீபோர்டை வைத்தே முழுப் பாட்டும் செய்பவர் என்றால், மேக் கையில் இருந்தால் லாஜிக் வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். ரீப்பரில் சர்ஜ் எக்ஸ்டி, வைட்டல் போன்ற இலவச சிந்தசைஸர்களை நாமே இறக்கிச் சேர்க்க வேண்டும். சேர்த்தால் நன்றாகவே ஓடும். இருந்தாலும் ‘கூட வருவது’ என்ற கணக்கில் இங்கே ரீப்பருக்கு மதிப்பெண் இல்லை.

ரியாசாம்ப்ளோமேடிக்5000 என்று நாக்கில் நுழையாத பெயரில் ஒரு சாம்ப்ளர் மட்டும் விதிவிலக்கு. ஒரு ஒலியைப் போட்டு ஒரு கீயில் வைக்கலாம். பெரிய பியானோவெல்லாம் இதில் கட்டுவது வீண் முயற்சி. உறுமி, பம்பை, தாளம், சேகண்டி என்று தனித்தனி ஒலிகளைப் பதிந்து வைத்திருப்பவருக்கு மிகவும் பயன்படும். அம்மன் பாட்டுக்கு வேண்டிய பம்பைச் சத்தம் எந்த சினிமா சாம்பிள் பேக்கைவிடவும் நம் பக்கத்து ஆள் வாசித்ததில்தான் சரியாக இருக்கும்.

மீதமுள்ளவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ரியாஎக்ஸ்காம்ப் பல பேண்ட் கம்ப்ரஸர், ஒரு பேண்டை மட்டும் 6 முதல் 9 கிலோஹெர்ட்ஸ் பக்கம் வைத்துக் குரலின் ‘ஸ்’ சத்தத்தை அடக்கலாம். ரியாடிலே எதிரொலிக்குப் போதும். ரியாகேட் (வாசிக்காத நேரத்து மெல்லிய சத்தத்தை அடைப்பது) சாதுவானது. ரியாலிமிட் (சத்தம் ஓர் எல்லையைத் தாண்டாமல் தடுக்கும் லிமிட்டர்) பிறகு வந்து சேர்ந்தது, யூடியூபுக்குக் கொடுக்கும் வேலைக்குத் தாராளம். யூடியூப் சத்தமான பாட்டை மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அளவுகோல்) பக்கம் இறக்கிவிடுவதால் லிமிட்டரைப் போட்டு நெருக்குவதில் லாபம் இல்லை. அளவு பார்க்க ஜேஎஸ்எஃப்எக்ஸ் கூட்டத்தில் லௌட்னெஸ் மீட்டர் ஒன்று இருக்கிறது.

அந்த ஜேஎஸ்எஃப்எக்ஸ் பற்றி ஒரு வார்த்தை. சின்னச் சின்ன ப்ளகின்கள் ஏராளமாக வருகின்றன, அத்தனையும் வெறும் எழுத்துக் கோப்புகள். ‘எடிட்’ என்று அழுத்தினால் அதன் நிரல் அப்படியே திறக்கும். ஸ்லைடர் 12 டெசிபலோடு நின்றுவிடுகிறது, 24 வேண்டுமென்றால் அந்த எண்ணை மாற்றிச் சேமித்தால் முடிந்தது. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் பிள்ளைகள் என் ரூமுக்கு வந்தால் முதலில் இதைத்தான் காட்டுவேன். ஒலி எப்படி எண்ணாக ஓடுகிறது என்று ஒரே மாலையில் பிடித்துக்கொள்கிறார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க விடும் ப்ளகின் இந்த உலகத்தில் அபூர்வம்.

கூட வரும் ப்ளகினை நான் இவ்வளவு தூக்கிப் பேச இன்னொரு காரணமும் உண்டு. நான் காசு கொடுத்து வாங்கிய வெளி ப்ளகின் ஒன்று, கம்ப்யூட்டரை மாற்றியபோது லைசென்ஸ் பழைய மெஷினிலேயே மாட்டிக்கொண்டு, மெயில் மேல் மெயில் போட்டும் திரும்பி வரவில்லை. அதைப் போட்டு மிக்ஸ் செய்த பழைய ப்ராஜெக்டுகளைத் திறந்தால் அந்த இடம் காலி. பாடகர் வந்து “அந்தப் பாட்டுல ஒரு வரி மாத்தணும்” என்று கேட்டால் பழைய ஒலியைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை. ரியாஈக்யூவும் ரியாகாம்பும் போட்டுச் செய்த பழைய வேலைகள் இன்றைக்கும் அப்படியே திறக்கின்றன. வேறு ஊரில் இருக்கும் நண்பருக்கு ப்ராஜெக்டை அனுப்பினாலும் அவரிடம் ரீப்பர் இருந்தால் போதும், எதுவும் விடுபடாது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இதே கதை.

வாங்குகிறவர்கள் இரண்டு விஷயம் கவனியுங்கள். ஒன்று, 7-ஆம் பதிப்புக்கு வாங்கும் லைசென்ஸ் 8.99 வரை செல்லும், நடுவில் அப்டேட்டுக்குக் காசு இல்லை. இரண்டு, மிச்சப்படும் பணத்தை உடனே ப்ளகின் தள்ளுபடியில் போட்டுவிடாதீர்கள். நவம்பரில் எல்லோரும் பாதி விலை, கால் விலை என்று கூவுவார்கள். அந்தப் பணத்துக்கு நல்ல மைக் ஸ்டாண்டும், அறைக்குக் கனமான திரைச்சீலையும் வாங்கினால் அடுத்த நாளே பதிவில் வித்தியாசம் கேட்கும்.

விண்டோஸில் வேறு மென்பொருள் வைத்திருப்பவர்கள் ரீப்பர் வாங்காமலேயே பாதியை எடுத்துக்கொள்ளலாம். ரியாப்ளக்ஸ் என்ற பெயரில் ரியாஈக்யூ, ரியாகாம்ப், ரியாஃபிர், ரியாகேட், ரியாடிலே, ரியாஎக்ஸ்காம்ப் எல்லாவற்றையும் காக்கோஸ் தனியாக, இலவசமாகவே கொடுக்கிறது. ஓபிஎஸ் வைத்து லைவ் போடுபவர்கள் மைக் ஃபில்ட்டரில் ரியாஃபிரையும் அதன் கீழே ரியாகாம்பையும் போட்டுப் பாருங்கள். ரியாட்யூன், ரியாவெர்ப் போன்றவை அதில் வராது, அவை வேண்டுமென்றால் ரீப்பர்தான்.